மணலுக்கு வழிவிட்ட பொறியியலாளர்

ஒலுவில் துறைமுகத்தைப் பற்றி எங்கள் பகுதியில் பேச்சு எழுந்தால் அது இரண்டு பக்கமாகப் பிரியும். படகு வைத்திருப்பவர்கள் துறைமுக வாயை அடைத்துக் கிடக்கும் மணலைத் தோண்டி அள்ளச் சொல்வார்கள். வடக்கே கடலுக்குக் காணியைப் பறிகொடுத்தவர்கள், கரையை முதலில் காப்பாற்றிவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள் என்பார்கள். நான் பாலமுனைக்காரன். எங்கள் ஊர் துறைமுகத்துக்குத் தெற்கே இருப்பதால் அந்த அரிப்பு எங்கள் வாசலுக்கு வரவில்லை. இரண்டு தரப்பு நியாயத்தையும் கேட்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருகிறவர், இந்தக் கரையைப் பார்த்திராத ஓர் ஆங்கிலேயப் பொறியியலாளர். பெயர் ஆர்தர் கொட்டன். தமிழ்நாட்டில் காட்டன் என்று எழுதுவார்கள்.

ஓடும் மணலுக்குக் குறுக்கே சுவர் கட்டினால் என்ன நடக்கும் என்ற கேள்வியோடு வாழ்ந்தவர் அவர். காவிரியும் கோதாவரியும் அவருக்குக் கற்றுக்கொடுத்தவை, கல்லோயாவின் கடைசி மைல்களில் குடியிருக்கும் நமக்கும் பொருந்தும். அதனால்தான் அவருடைய கதையை இங்கே சொல்கிறேன்.

நிலம் பிறக்கும் விதம்

கொட்டனின் கதைக்கு முன், அவர் வேலை செய்த நிலத்தின் குணத்தைச் சொல்ல வேண்டும். கழிமுக நிலம், அதாவது டெல்டா, மலையிலிருந்து இறங்கிய மண்ணால் ஆனது. சரிவில் வேகமாக வரும் ஆறு மணலையும் சேற்றையும் தூக்கிக்கொண்டு வருகிறது. சமதரைக்கு வந்ததும் அதன் வேகம் குறைகிறது; வேகம் குறைந்தால் சுமையை இறக்கியாக வேண்டும். பாரமான மணல் முதலில் விழும். மெல்லிய களி தூரம் வரை போய் வயலிலும் களப்பிலும் படியும். வெள்ளம் கரைமீறும் ஒவ்வொரு முறையும் ஆற்றின் ஓரம் கொஞ்சம் உயரும், அடித்தளமும் உயரும். நாளடைவில் ஆறு சுற்றுப்புற வயல்களைவிட உயரமான ஒரு மேட்டின்மேல் ஓடத் தொடங்கும். பிறகு ஒரு பெருவெள்ளத்தில் அந்த மேட்டை உடைத்து, சரிவு கூடிய இன்னொரு வழியில் இறங்கிவிடும். பழைய வழி தூர்ந்துபோகும்.

கடலோரத்தில் அலை தன் பங்கைச் செய்கிறது. ஆறு கொண்டுவந்து போட்ட மணலைக் கரையோர நீரோட்டம் இழுத்துச்சென்று திட்டாக, முனையாக, களப்பை மூடும் வரம்பாக ஆக்கும். நமது ஊர்ப் பெயர்களில் முனையும் துறையும் சேனையும் கலந்து கிடப்பது தற்செயல் அல்ல. இன்று கடலிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் சம்மாந்துறையை, சம்பான்கள் வந்து தரித்த துறை என்று மூத்தவர்கள் சொல்வார்கள்.

இன்னொரு குணமும் இந்த நிலத்துக்கு உண்டு. படிந்த சேறு தண்ணீரைக் கசியவிட்டுத் தன் பாரத்தாலேயே இறுகி, மெல்லமெல்லத் தாழும். வருடாவருடம் புதிய வண்டல் வந்து விழுந்தால் தாழ்ந்த அளவு ஈடுசெய்யப்படும். வண்டல் நின்றுபோனால் தாழ்வது மட்டுமே மிஞ்சும்.

பாம்பனில் தொடங்கிய பயணம்

கொட்டன் 1803 மே 15ஆம் திகதி இங்கிலாந்தில் பிறந்தார். பிள்ளைகள் நிறைந்த குடும்பம். கிழக்கிந்தியக் கம்பனியின் அடிஸ்கோம்ப் இராணுவக் கல்லூரியில் படித்து, 16 வயதில் மதராஸ் பொறியியல் படையில் சேர்ந்தார். 1821இல் மதராஸ் வந்து இறங்கினார். ஆரம்ப வேலைகளில் ஒன்று, இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையிலுள்ள பாம்பன் நீரிணையை அளப்பது. கப்பல் போக ஆழமான வழி உண்டா என்று பார்க்க அனுப்பப்பட்ட அந்த இளைஞர், இரண்டு கடல்களுக்கு நடுவே மணல் திட்டுகள் கிடக்கும் இடத்தில் தன் தொழிலைப் பழகினார். அதன்பின் முதலாம் பர்மியப் போருக்குப் போனார். திரும்பி வந்ததும், 1820களின் இறுதியில், காவிரியின் பொறுப்பு அவரிடம் வந்தது.

அப்போது தஞ்சாவூர் வயல்கள் நொடிந்திருந்தன. காரணம் மழைக்குறைவு மட்டும் அல்ல. திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே, முக்கொம்பில், காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடக்கே போவது கொள்ளிடம். தெற்கே போகும் கிளை காவிரி என்ற பெயரைத் தக்கவைத்துக்கொண்டு தஞ்சையின் வாய்க்கால்களுக்கு நீர் கொடுக்கிறது. கொள்ளிடத்துக்குச் சரிவு கூட. ஆகவே நீர் அந்தப் பக்கமே இழுபட்டது. நீர் குறைந்த காவிரிக் கிளையில் வேகம் குறைந்தது, மணல் இறங்கியது, அடித்தளம் உயர்ந்தது. அடித்தளம் உயர்ந்ததால் இன்னும் குறைவான நீரே உள்ளே வந்தது. ஆறு தன் பழைய வழியைக் கைவிடும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. வருடாவருடம் ஆயிரக்கணக்கான ஆட்களைக் கொண்டு மணலை வாரினாலும் அடுத்த வெள்ளம் திரும்ப நிரப்பிவிடும்.

கல்லணை கொடுத்த பாடம்

ஸ்ரீரங்கம் தீவின் கிழக்கு நுனியில், இரண்டு கிளைகளும் மீண்டும் நெருங்கும் இடத்தில், கரிகாலன் கட்டியதாகச் சொல்லப்படும் கல்லணை நிற்கிறது. கொட்டன் அதை ஒரு மாணவனைப் போலப் பார்த்தார். மணலுக்குக் கீழே பாறை கிடைக்கும்வரை தோண்டித்தான் அணை கட்ட வேண்டும் என்பது அவருக்குப் பின்னாலிருந்த ஐரோப்பியப் படிப்பு. கல்லணையோ மணலின்மேல் உட்கார்ந்திருந்தது. கல்லும் களியும் சேர்ந்த பெரிய பாரம். அடி அரிக்கப்பட்டால் கல் சற்று இறங்கும், இன்னும் கல் போட்டால் மறுபடி நிற்கும். மணலோடு சேர்ந்து அசைந்துகொடுக்கும் கட்டு அது. பெயர் தெரியாத பழைய மேஸ்திரிமாரிடமிருந்தே மணல்மேல் அணை கட்டும் வித்தையைக் கற்றதாக அவர் பின்னாளில் ஒப்புக்கொண்டார். தென்னிந்தியத் தொழிலாளர் நெடுங்காலமாகப் பழகிய கிணறு இறக்கி அத்திவாரம் போடும் முறையையும் எடுத்துக்கொண்டார்.

1830இல் அவர் கல்லணையில் அடிமதகுகள் அமைத்தார். மேலே தண்ணீரைத் தடுத்தாலும், கீழே மணல் வழிந்தோட ஒரு வாசல். அதற்குப் பிறகு கொள்ளிடத்தின் தலையில், முக்கொம்பில், மேலணையைக் கட்டினார். கொள்ளிடம் அதிகமாக இழுத்துக்கொண்ட நீரைக் காவிரிப் பக்கம் திருப்பும் தாழ்வான தடுப்பு அது. கொள்ளிடத்தின் கீழ்ப்பகுதியில் கீழணை எழுந்தது. வீராணம் ஏரிக்கு இன்றும் அங்கிருந்துதான் நீர் போகிறது. இரண்டும் 1836இல் முடிந்தன.

மேலணை எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே வேலை செய்துவிட்டது. காவிரிக் கிளைக்குள் மிதமிஞ்சிய நீர் புகுந்து, அடித்தளத்தையும் கரைகளையும் அரிக்கத் தொடங்கியது. ஆகவே 1840களில் மேலணையின் ஒரு பகுதியின் உயரத்தைக் குறைத்தார்கள். காவிரியின் தலையிலும் ஒரு படுகை அணை போட்டார்கள். கொட்டனின் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பயன்பட்ட பக்கம் இதுதான். கழிமுகத்தில் கட்டப்படும் எந்தச் சுவரும் கட்டி முடித்த நாளோடு முடிவதில்லை. ஆறு அதற்குப் பதில் சொல்லும். அதைக் கேட்டுச் சுவரை மாற்ற வேண்டும்.

கோதாவரியின் நான்கு துண்டுகள்

1841இல் அவர் எலிசபெத் லியர்மொந்தை மணந்தார். உடல்நலம் அடிக்கடி கைவிட்டது. அந்தப் பத்தாண்டில் விசாகப்பட்டினத்தில் இருந்தபோது, கடல் கரையைத் தின்பதைத் தடுக்க கடலுக்குள் நீளும் சிறு தடுப்புகளைப் போட்டார். ஆற்று மணலைப் படித்தவர் கடல் மணலையும் பழகிக்கொண்டார்.

தெற்கே கோதாவரிக் கரை அப்போது துயரத்தில் இருந்தது. 1830களின் தொடக்கத்தில் பஞ்சம் வந்து ஏராளமானோர் செத்தார்கள். 1839இல் சூறாவளியோடு வந்த கடல், கோரிங்கா துறைமுக நகரை அழித்தது. பெரிய ஆறு பக்கத்தில் ஓட, வயல் காய்ந்து கிடந்தது. கொட்டன் நிலத்தை அளந்து பார்த்து, ஆறு மேட்டின்மேல் ஓடுகிறது என்பதையே அதற்கு மருந்தாக்கினார். தவளேஸ்வரத்தில், கழிமுகத்தின் தலையில், நீரைச் சில அடி உயர்த்தினால் போதும். அங்கிருந்து ஆற்றின் பழைய மேடுகளின் முதுகில் வாய்க்கால்களைக் கொண்டுபோனால், இருபுறமும் தண்ணீர் தானாகவே சரிந்து வயலுக்கு இறங்கும். ஆறு ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் செய்த மண்வேலையை அப்படியே பயன்படுத்திக்கொள்ளும் திட்டம்.

1847இல் வேலை தொடங்கியது, 1852இல் முடிந்தது. நடுவிலிருந்த ஆற்றுத் தீவுகளோடு சேர்த்தால் ஏறக்குறைய நான்கு மைல் நீளம். தவளேஸ்வரம், ராலி, மத்தூர், விஜ்ஜேஸ்வரம் என்று நான்கு துண்டுகளாக அணை. மணலைக் கழுவிவிட அடிமதகுகள் இங்கேயும் உண்டு. ஆட்களைத் திரட்டி வேலையை நடத்தியதில் வீணம் வீரண்ணா என்ற உள்ளூர் உத்தியோகத்தருக்குப் பெரிய பங்கு இருந்தது. கல் சுமந்த ஆயிரக்கணக்கானோரின் பெயர்கள் எதிலும் இல்லை.

பஞ்ச பூமி நெல் பூமியானது. கோதாவரிக் கமக்காரர் இன்றும் அவருக்குச் சிலை வைத்து மாலை போடுகிறார்கள். 1980களின் தொடக்கத்தில் பழைய அணைக்குப் பதிலாகக் கட்டி முடித்த புதிய அணைக்கும் அவர் பெயரே வைக்கப்பட்டது.

மகிமைக்கு மறுபக்கம்

கம்பனி இதையெல்லாம் தர்மத்துக்குச் செய்யவில்லை. நீர் வந்தால் விளைச்சல் கூடும், விளைச்சல் கூடினால் நிலவரி கூடும். கொட்டனும் அரசுக்கு எழுதிய வாதங்களில் இந்தக் கணக்கையே முன்வைத்தார். செலவழித்த பணம் பலமடங்காகத் திரும்பும் என்று காட்டித்தான் அனுமதி வாங்கினார். பஞ்சத்தில் சாகும் மக்களைப் பற்றிய அவருடைய கவலை உண்மையானது. அவர் சேவகம் செய்த ஆட்சி அந்தக் கவலைக்கு வரவுசெலவுக் கணக்குக் கேட்டதும் உண்மை.

வெற்றி அவரைப் பிடிவாதக்காரராகவும் ஆக்கியது. 1858இல் ஒடிசா போய், மகாநதிக் கழிமுகத்துக்கும் இதே மாதிரித் திட்டம் எழுதிக்கொடுத்தார். ஒரு தனியார் கம்பனி வேலையை எடுத்தது. வருமானம் எதிர்பார்த்தபடி வரவில்லை. கடைசியில் அரசு பொறுப்பேற்றது. அங்கே போதிய மழை பெய்தது. வருடாவருடம் வந்த வெள்ளத்தின் வண்டலை உரமாக்கியே மக்கள் பயிர் செய்தார்கள். கரை உயர்த்தி வெள்ளத்தைத் தடுத்தபோது வண்டலும் தடுபட்டது. காசு கொடுத்து வாய்க்கால் நீர் வாங்கும் அவசரம் அவர்களுக்கு இருக்கவில்லை. பின்வந்த வரலாற்று ஆய்வாளர்கள் இதை விரிவாக எழுதியிருக்கிறார்கள். காவிரியில் கண்ட பாடம் மகாநதிக்கு அப்படியே செல்லவில்லை.

1860இல் அவர் இந்திய சேவையிலிருந்து ஓய்வுபெற்றார்; மறுவருடம் சேர் பட்டம் கிடைத்தது. ரயில் பாதைக்குக் கொட்டும் பணத்தை வாய்க்காலுக்கும் நீர்வழிப் போக்குவரத்துக்கும் கொடுங்கள் என்று முதுமையிலும் வாதாடினார். 1878இல் பிரித்தானிய நாடாளுமன்றக் குழுவின் முன்னாலும் அந்த வாதம் வந்தது. கேட்டவர்கள் பலர், ஏற்றவர்கள் சிலர். 1899 ஜூலை 24ஆம் திகதி, டோர்கிங் ஊரில், 96ஆவது வயதில் இறந்தார். மறுவருடம் அவருடைய மகள் லேடி ஹோப் தந்தையின் வாழ்க்கையை நூலாக்கினார்.

அவர் காணாத அணைகள்

கொட்டனின் அணைகள் தாழ்வானவை. வெள்ளக் காலத்தில் ஆறு அவற்றின்மேல் ஏறி ஓடும், வண்டலும் சேர்ந்து கடலுக்குப் போகும். அவருக்குப் பின் வந்த நூற்றாண்டு வேறுவிதமான அணைகளைக் கட்டியது. 1934இல் மேட்டூர், பிறகு கிருஷ்ணாவிலும் கோதாவரிக் கிளைகளிலும் மலைபோல் எழுந்த நீர்த்தேக்கங்கள். அங்கே நின்ற நீரின் அடியில் மணலும் களியும் இறங்கிவிடும். வாய்க்காலுக்கு வருவது தெளிந்த நீர். உலகின் 33 பெரிய கழிமுகங்களை ஆராய்ந்து 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அவற்றில் பெரும்பாலானவை தாழ்ந்துகொண்டிருப்பதைக் காட்டியது. கிருஷ்ணாவும் கோதாவரியும் அந்தப் பட்டியலில் உண்டு. கடல் உயர்வது ஒருபக்கம். வண்டல் வராமல் நிலம் இறங்குவது மறுபக்கம். நிலத்தடி நீரையும் எரிவாயுவையும் உறிஞ்சி எடுத்தால் இறக்கம் வேகமாகும்.

மேலணைக்கும் கேடு வந்தது. 2018 ஆகஸ்ட் மாதம், 182 வருடம் நின்ற அந்த அணையின் ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் இடிந்து போயின. கொள்ளிடத்தில் வரைமுறையின்றி மணல் அள்ளியதே அடியைப் பலவீனமாக்கியது என்று சூழலியலாளரும் விவசாயிகளும் குற்றஞ்சாட்டினார்கள். மணலைக் கணக்கில் எடுத்துக் கட்டிய சுவருக்கு, மணல் இல்லாமல் போவதும் ஆபத்துத்தான்.

நம்முடைய ஆறு

கோதாவரி அணை முடிந்து சில ஆண்டுகளில், இலங்கையின் ஆளுநர் ஹென்றி வார்ட் நமது பக்கத்துப் பழைய குளங்களைத் திருத்தும் வேலையைத் தொடக்கினார். 1856இன் நீர்ப்பாசனச் சட்டமும் இறக்காமக் குளத்தின் மறுவாழ்வும் அந்தக் காலத்தவை. ஒரு நூற்றாண்டு கழித்து, பதுளைப் பக்கத்து மலைகளிலிருந்து இறங்கிவரும் பட்டிப்பளை ஆற்றுக்குக் குறுக்கே இங்கினியாகலையில் அணை எழுந்தது. ஆறு கல்லோயா ஆனது. தேங்கிய நீர் சேனநாயக்க சமுத்திரம் ஆனது. அந்தத் திட்டம் யாருக்குக் காணி கொடுத்தது, யாருடைய காணியை எடுத்தது என்று நம்மவர்கள் எழுபது வருடமாகப் பேசுகிறார்கள். பேச வேண்டியதுதான். அது எவ்வளவு மணலை நிறுத்தியது என்று பேசியவர்கள் குறைவு. என் வாப்பா வயல் செய்தவர். வாய்க்கால் நீர் வந்ததற்கு அவர் நன்றி சொல்வார்; முன்பு மாரி வெள்ளம் வயலில் விட்டுப்போன களி இப்போது வருவதில்லை என்றும் சொல்வார். அந்த இரண்டு வாக்கியங்களுக்குள் ஒரு கழிமுகத்தின் வரலாறே இருக்கிறது.

ஆற்றில் வரும் மணல் குறைந்த கரையில்தான் ஒலுவில் துறைமுகம் கட்டப்பட்டது. 2008இல் வேலை தொடங்கி 2013இல் திறந்தார்கள். நமது கரையில் மணல் மொத்தத்தில் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. கடலுக்குள் நீண்ட அலைதடுப்புச் சுவர் அதை மறித்தது. தெற்கே மணல் சேர்ந்தது, வாய் தூர்ந்தது, வடக்கே ஒலுவில் கரையைக் கடல் தின்றது, தென்னைகள் சரிந்தன. நூறு வருடத்துக்கு முன்பே இதற்கு உதாரணம் உண்டு. மதராஸ் துறைமுகச் சுவர் 1870களில் எழுந்தபின், அதற்குத் தெற்கே மெரினா கடற்கரை அகன்றது, வடக்கே ராயபுரம் பக்கம் கடல் உள்ளே வந்தது. அந்தக் கரையில் இன்றும் கல் கொட்டுகிறார்கள்.

சுவருக்குத் தெற்கே சேரும் மணல் எங்களுக்குக் கிடைத்த பரிசு போலத் தெரியும். அது வடக்கே போக வேண்டிய மணல். வழியில் தடுக்கப்பட்டு நிற்கிறது. ஒலுவிலாரின் இழப்பும் நமது விரிந்த கடற்கரையும் ஒரே கணக்கின் இரண்டு பக்கங்கள்.

கொட்டன் இன்று இங்கே நின்றால் என்ன செய்வார் என்று ஊகிக்க நான் பொறியியலாளன் அல்ல. அவர் செய்ததை மட்டும் எடுத்துச் சொல்லலாம். மணலுக்கு வாசல் வைத்தார். சுவர் தவறாக வேலை செய்தபோது அதன் உயரம் குறைக்கப்பட்டது. ஆற்றின் தலையையும் வாலையும் ஒன்றாக வைத்துப் பார்த்தார். நமக்கு இதன் பொருள் எளிது. துறைமுக வாயில் அள்ளும் மணலை வடக்குக் கரையில் கொண்டுபோய்ப் போட வேண்டும். அதுவும் ஒருமுறை அல்ல, வருடாவருடம். ஆற்றுப் படுகையில் மணல் அள்ளுவதற்கு அனுமதி கொடுக்கும்போது, கடற்கரை அதனால் எவ்வளவு இழக்கும் என்றும் பார்க்க வேண்டும். இங்கினியாகலை ஒரு திணைக்களத்துக்கும், துறைமுகம் இன்னொன்றுக்கும், கரை மூன்றாவதற்கும் சொந்தமாக இருக்கலாம். மணலுக்கு அந்த எல்லைகள் தெரியாது.

துறைமுகத்தைத் திரும்ப இயங்கவைக்கும் பேச்சு அடிக்கடி வருகிறது. தோண்டும் இயந்திரம் அடுத்த தடவை வரும்போது, அள்ளிய மணலை எங்கே கொட்டப் போகிறார்கள் என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்வியை ஒலுவிலார் மட்டும் கேட்டால் போதாது. தெற்கே மணல் சேர்ந்த பக்கத்தில் இருக்கும் பாலமுனையாரும் சேர்ந்து கேட்க வேண்டும்.